பானெட்டில் ஓட்டை போடுவதற்கு முன்

1969 ஃபோர்டு மஸ்டாங் மாக் 1 கார்களில் 428 கோப்ரா ஜெட் எஞ்சினோடு வந்த கறுப்பு ஸ்கூப் (எஞ்சினுக்கு வெளிக்காற்று எடுக்கும் வாய்), பானெட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும். அது பொருத்தப்பட்டிருப்பது பானெட்டில் அல்ல, எஞ்சினில். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சினோடு சேர்ந்து அதுவும் குலுங்கும். அந்த அழகில் மயங்காதவர் குறைவு. பெரிய எஞ்சின் கொண்ட பழைய அமெரிக்க வேகக் காரை, அதாவது மசில் காரை, வாங்குபவர்கள் பலர் முதலில் பானெட்டில் கைவைப்பதும் இதனால்தான். ஆனால் காற்று எந்த இடத்தில் எப்படி அழுத்துகிறது என்று பார்க்காமல் செய்த மாற்றம் எஞ்சினுக்கு உதவாது, பல நேரம் கெடுதலே செய்யும்.

ஓடும் வேகத்தில் ஸ்கூப் காற்றை எஞ்சினுக்குள் திணித்துவிடும் என்று நம்புகிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்று தரும் கூடுதல் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. 200-ல் பறந்தாலும் 2 சதவீதத்தைத் தொடாது. உண்மையான லாபம் காற்றின் குளிர்ச்சியில் இருக்கிறது. பானெட்டுக்குள் 60 டிகிரி செல்சியஸ், வெளியே 30 டிகிரி என்றால், வெளிக்காற்று சுமார் 10 சதவீதம் அடர்த்தியானது. அந்தக் காற்று, பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் கார்புரேட்டருக்குப் போய்ச் சேர, ஸ்கூப்புக்கும் ஏர் ஃபில்டருக்கும் இடையே கசிவில்லாத ரப்பர் சீல் வேண்டும். அலங்காரத்துக்காக ஒட்டப்படும் ஸ்கூப்புகளில் சீல் இருக்காது, சிலவற்றில் துளையே இருக்காது.

இதைவிடப் பெரிய தவறு, கீல்களுக்கு அடியில் வாஷர் கொடுத்து பானெட்டின் பின்முனையைத் தூக்கி வைப்பது. சூடான காற்று அந்த இடுக்கு வழியாக வெளியேறும் என்பது எண்ணம். கார் நிற்கும்போது அப்படித்தான் நடக்கும். ஓடத் தொடங்கியதும் கதை மாறுகிறது. பானெட்டைத் தாண்டி வரும் காற்று முன்கண்ணாடியின் அடியில் முட்டித் தேங்குவதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. ஆகவே இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே நுழையப் பார்க்கும். எஞ்சின் அறைக்குள் அழுத்தம் ஏறினால் ரேடியேட்டர் வழியாக வரும் காற்று குறையும். குளிர்விக்கச் செய்த வேலையே எஞ்சினைச் சூடாக்கும். காரின் உட்புறத்துக்குக் காற்று எடுக்கும் துவாரமும் அங்கேயே இருப்பதால், மெதுவாகப் போகும்போது பெட்ரோல் ஆவியும் எண்ணெய் நாற்றமும் உள்ளே வரும். எக்ஸாஸ்டில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடும் வரும். இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே அழுத்தத்தை 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் கார் சரியாகப் பயன்படுத்தியது. முன்கண்ணாடியைப் பார்த்தபடி பானெட்டில் ஒரு மடிப்புக் கதவு. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது மட்டும் திறந்து, காற்றை நேராக ஏர் ஃபில்டருக்கு அனுப்பும். அந்தக் காலத்து பானெட் வேலைப்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1970 பான்டியாக் டிரான்ஸ் ஆம் காரின் ஸ்கூப்பும் இப்படிப் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்கும்.

முன்பக்கம் வாய் திறந்த ஸ்கூப்புக்கு மழை பெரிய எதிரி. பேப்பர் ஃபில்டர் நனைந்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். நிறுத்திய காரில் இரவெல்லாம் மழை பெய்தால் கார்புரேட்டருக்குள்ளும் தண்ணீர் இறங்கலாம். 1970 பிளிமத் ரோடு ரன்னரில், வேண்டும்போது ஓட்டுநரே திறந்து மூடும் ஸ்கூப் வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. உயரமான ஸ்கூப்போ, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும், பானெட்டுக்கு மேல் எழும் சூப்பர்சார்ஜரோ சாலையையே மறைக்கும். குறுக்கே ஓடும் குழந்தை கண்ணில் படாமல் போகலாம்.

எடை குறைக்க ஃபைபர் கிளாஸ் பானெட் போடுபவர்கள் பழைய ஸ்பிரிங்குகளை மறந்துவிடுகிறார்கள். கனமான இரும்பு பானெட்டைத் தூக்கச் செய்த அந்த ஸ்பிரிங்குகள், மூடும்போது ஃபைபரை வளைத்து கீல் பக்கம் விரிசல் விடவைக்கும். 1969-ன் நடுவில் 440 சிக்ஸ் பேக் எஞ்சினோடு வந்த டாட்ஜ் சூப்பர் பீயில் கீலே கிடையாது. நான்கு பின்களைக் கழற்றி முழு பானெட்டையும் தூக்கி எடுக்க வேண்டும். பந்தயத் தடத்தில் உதவிக்கு ஆள் இருக்கும். தனியாக ஓட்டிப் போகிறவர் வழியில் ஆயில் அளவு பார்க்க நினைத்தால், தூக்குவதற்கு இன்னொருவரையும், கீறல் விழாமல் அதை வைக்க ஓர் இடத்தையும் தேட வேண்டும்.