40 ஹோம் ரன் அடித்தவருக்கு 26 என்று எழுதும் குரங்கு

2023 அமெரிக்க பேஸ்பால் சீசன் முடிந்தபோது சான் டியேகோ பாட்ரேஸ் அணியின் கணக்கு 82 வெற்றி, 80 தோல்வி. மயாமி மார்லின்ஸ் 84 வெற்றி, 78 தோல்வி. மார்லின்ஸ் பிளேஆஃபுக்குப் போனது, பாட்ரேஸ் வீட்டுக்குப் போனது. இதை மட்டும் பார்க்கிறவர் என்ன சொல்வார்? இரண்டுமே சுமாரான அணிகள், மார்லின்ஸ் ஒரு நூல் கூடுதல் என்பார். ஆனால் அடுத்த சீசனைக் கணிக்க உட்கார்ந்தவர்கள் இந்த வெற்றி தோல்விக் கணக்கைப் பெரிதாக மதிக்கவில்லை. அவர்கள் பார்த்தது எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும். பாட்ரேஸ் 752 எடுத்து 648 கொடுத்திருந்தது. மார்லின்ஸ் 666 எடுத்து 723 கொடுத்திருந்தது. அதாவது எடுத்ததைவிட 57 ரன் அதிகமாகக் கொடுத்த அணி, 104 ரன் மிச்சம் பிடித்த அணியைவிட இரண்டு ஆட்டம் கூடுதலாக ஜெயித்திருக்கிறது.

எப்படி? பாட்ரேஸ் ஜெயித்தால் வாரிக் குவித்து ஜெயிப்பார்கள், தோற்றால் மயிரிழையில் தோற்பார்கள். ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் அவர்கள் 9-இல் ஜெயித்து 23-இல் தோற்றார்கள். சமனாகிக் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போன 14 ஆட்டங்களில் ஜெயித்தது 2 மட்டும். மார்லின்ஸ் அப்படியே தலைகீழ்: ஒரு ரன் ஆட்டங்களில் 33 வெற்றி, 14 தோல்வி. ரசிகர்களும் வர்ணனையாளர்களும் இதற்கு நெஞ்சுரம், ஒற்றுமை, ஜெயிக்கிற வெறி என்று ஆயிரம் பெயர் வைப்பார்கள். கடைசி இன்னிங்ஸ்களில் இறக்க நல்ல பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) இருந்தால் கொஞ்சம் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பல வருட ஆட்டங்களை அடுக்கிப் பார்த்தால், போன வருஷம் இதில் கொடிகட்டிப் பறந்த அணி இந்த வருஷம் பாதிக்குப் பாதி என்று வந்து நிற்பதுதான் வழக்கம். திறமை என்றால் அடுத்த வருஷமும் கூடவே வரவேண்டுமே! வரவில்லை என்றால் அதில் பெரும்பகுதி காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இந்த இடத்தில்தான் பில் ஜேம்ஸ் வருகிறார். கேன்சஸில் ஒரு டப்பா உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டே பேஸ்பால் கணக்குகளை எழுத ஆரம்பித்தவர். அவர் சொன்ன வழி பள்ளிக்கூடப் பையனே போடக்கூடியது: எடுத்த ரன்னை வர்க்கம் செய்யுங்கள், கொடுத்த ரன்னையும் வர்க்கம் செய்யுங்கள், இரண்டையும் கூட்டி அதில் முதல் வர்க்கம் எத்தனை பங்கு என்று பாருங்கள். அதுதான் அந்த அணி ஜெயித்திருக்க வேண்டிய விகிதம். வர்க்கங்களைக் கூட்டுவதால் இதற்குப் பிதாகரஸ் பெயரையே வைத்துவிட்டார்கள், முக்கோணத்துக்கும் இதற்கும் வேறு சம்பந்தம் கிடையாது. பாட்ரேஸுக்குப் போட்டுப் பார்ப்போம். 752-இன் வர்க்கம் 5,65,504. 648-இன் வர்க்கம் 4,19,904. கூட்டினால் 9,85,408. பங்கு 57.4 சதவீதம். 162 ஆட்டத்தில் அது 93 வெற்றி. அதே கணக்கில் மார்லின்ஸுக்கு வருவது 74. (பிறகு வந்தவர்கள் வர்க்கத்துக்குப் பதிலாக 1.83 என்ற அடுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்று கண்டார்கள்; நமக்கு இரண்டே போதும்.)

சரி, ரன்னாவது முழுக்கத் திறமையா என்றால் அதுவும் இல்லை. ஒரு இன்னிங்ஸில் மூன்று அவுட் ஆகும்வரை அடிக்கலாம். அதற்குள் மூன்று சிங்கிளும் (அடித்தவர் சுற்றி ஓட வேண்டிய நாலு பேஸ்களில் முதலாவதை மட்டும் எட்டும் அடி) ஒரு ஹோம் ரன்னும் (அடித்தவரும் பேஸில் நிற்பவர்களும் முழுச் சுற்றும் வந்து ரன் எடுத்துவிடும் அடி) வந்தன என்று வையுங்கள். ஹோம் ரன் முதலில் வந்துவிட்டால் கிடைப்பது ஒரு ரன்னாகக்கூட இருக்கலாம், சிங்கிள் அடித்த மூவரும் பேஸில் நின்றபடியே இன்னிங்ஸ் முடிந்துபோகும். அதே மூவர் பேஸில் நிற்கும்போது கடைசியாக ஹோம் ரன் வந்தால் நாலு ரன். அடித்த அடி ஒன்றுதான், வந்த வரிசைதான் வேறு. அதனால் கணிப்பாளர்கள் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, வரிசையைக் கலைத்துவிட்டு, இந்த அடிகளுக்குச் சராசரியாக எத்தனை ரன் வந்திருக்க வேண்டும் என்றும் தனியாகக் கணக்கிடுகிறார்கள்.

ஆனால் இதெல்லாம் போன வருஷத்து அணியைப் பற்றிய கணக்கு. வருகிற சீசனில் ஆடப்போவது அதே அணியா? 2023 டிசம்பரிலேயே பாட்ரேஸ் தன் நட்சத்திர பேட்டர் ஹ்வான் சோட்டோவை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே ஆளாளாகத்தான் கணிக்க வேண்டும், பிறகு கூட்ட வேண்டும். ஒரு ஆளை எப்படிக் கணிப்பது?

1970 சீசன் தொடங்கி, முதல் 45 வாய்ப்புகளில் 18 தடவை ஹிட் (அவுட் ஆகாமல் பேஸை எட்டும் அடி) அடித்திருந்தார் பிட்ஸ்பர்க் அணியின் ராபர்ட்டோ கிளமென்டே. வாய்ப்புக்கு எத்தனை ஹிட் என்பதுதான் இங்கே சராசரி, அது .400. அதே கட்டத்தில் யாங்கீஸின் தர்மன் மன்சன் 45-க்கு 8, அதாவது .178. பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1970-களில் இப்படி 18 பேரை எடுத்துக்கொண்டு ஒரு வேடிக்கை காட்டினார்கள். எல்லோருடைய எண்ணையும் 18 பேரின் பொதுச் சராசரியான .265-ஐ நோக்கி இழுத்துவிடு, வித்தியாசத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மட்டும் விட்டுவை. கிளமென்டே .294 ஆனார், மன்சன் .247 ஆனார். யார் ஆட்டத்தையும் பார்க்காமல், யார் பெயரையும் கேட்காமல் செய்த வேலை. சீசனின் மீதிப் பகுதியில் கிளமென்டே அடித்தது .346, மன்சன் அடித்தது .316. பதினெட்டுப் பேருக்கும் சேர்த்துப் பிழையின் வர்க்கங்களைக் கூட்டினால், இப்படி இழுத்த எண்களின் பிழை, இழுக்காதவற்றின் பிழையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டு அடுப்பில் சரி. பேஸ்பாலில் 45 சோறும் போதாது.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. கிளமென்டே அதற்கு முன்பே நாலு முறை தேசிய லீகின் பேட்டிங் சராசரிப் பட்டம் வென்றவர், அவரைக் கூட்டத்தோடு கூட்டமாக .294-க்கு இழுப்பது அநியாயம். அவருடைய சொந்தப் பழைய கணக்கையும் சேர்த்திருந்தால் இன்னும் கிட்டே வந்திருக்கலாம். இன்றைய கணிப்பு முறைகள் எல்லாம் செய்வது அதைத்தான்.

அவற்றில் மிக எளியது டாம் டேங்கோ என்ற பேஸ்பால் புள்ளியியலாளர் உருவாக்கிய மார்செல். அது ஒரு குரங்கின் பெயர். ஒரு குரங்குகூடப் போடக்கூடிய கணக்கு, இதைக்கூட ஜெயிக்க முடியாதவர் கணிப்பு என்று எதையும் விற்க வரவேண்டாம் என்ற கேலி அதில் இருக்கிறது. கற்பனையாக ஒரு பேட்டரை எடுத்துக்கொள்வோம், வயது 29. கடைசி மூன்று வருடங்களிலும் 600 முறை மட்டை பிடித்தவர், அடித்த ஹோம் ரன் முறையே 20, 22, போன வருஷம் 40. ஊரெல்லாம் அவரைப் பற்றித்தான் பேச்சு. மார்செல் போன வருஷத்துக்கு 5 எடை கொடுக்கும், அதற்கு முந்தியதற்கு 4, அதற்கும் முந்தியதற்கு 3. ஆக 200, 88, 60 என்று 348 ஹோம் ரன், அதே எடைகளால் பெருக்கிய 7200 வாய்ப்புகளில். அப்புறம் இதில்தான் சூட்சுமம்: 1200 வாய்ப்பு ஆடிய ஒரு சராசரி ஆளை இவரோடு கலந்துவிடும், பாலில் தண்ணீர் கலப்பது மாதிரி. லீகின் சராசரி 3 சதவீதம் என்றால் அவர் பங்குக்கு 36. மொத்தம் 8400-இல் 384, அதாவது 4.6 சதவீதம். அடுத்து இவர் எத்தனை முறை ஆடுவார்? போன வருஷத்ததில் பாதி, அதற்கு முந்தியதில் பத்தில் ஒன்று, அதோடு ஒரு 200: 560 முறை. பதில் 26 ஹோம் ரன்.

நாற்பது அடித்தவருக்கு 26 என்றால் ரசிகனுக்குக் கோபம் வரும், வரத்தான் செய்யும். ஆனால் இதே மாதிரி திடீரென்று நாற்பதைத் தொட்ட நூறு பேரை எடுத்து அடுத்த வருஷம் என்ன ஆனார்கள் என்று பார்த்தால், அந்த நூறு பேரின் சராசரி 40-க்குப் பக்கத்தில் அல்ல, இந்த 26-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஒருவர் 45 அடிக்கலாம், இன்னொருவர் முழங்கால் போய் 5 அடிக்கலாம். யார் எது என்று குரங்குக்குத் தெரியாது. 29-க்குக் கீழே இருப்பவரைக் கொஞ்சம் ஏற்றும், மேலே இருப்பவரைக் கொஞ்சம் இறக்கும், அவ்வளவுதான் அதன் வயது ஞானம்.

மற்ற முறைகள் இதன்மேல் கட்டிய மாடிகள். நேட் சில்வர் (தேர்தல் கணிப்பால் பிறகு பிரபலமான அதே ஆள்தான்) உருவாக்கிய பெக்கோட்டா, ஒவ்வொரு வீரருக்கும் உடல்வாகு, வயது, ஆட்டம் எல்லாம் ஒத்துப்போகிற பழைய வீரர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் இதே வயதுக்குப் பிறகு எப்படிப் போனார்கள் என்று பார்க்கும். அந்தப் பெயரும் பில் பெக்கோட்டா என்ற ஒரு சாதாரண வீரரை நினைத்து வைத்ததுதான். மைதானத்தையும் கழிக்க வேண்டும்: டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றின் அடர்த்தி குறைவு, பந்து கூடுதல் தூரம் பறக்கும்; அங்கே அடித்த ஹோம் ரன்னை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவீர்கள். பிட்சர்கள் விஷயத்தில் 2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் ஒரு குண்டு போட்டார். ஸ்ட்ரைக் அவுட்டும் (பந்தை அடித்து ஆட்டத்துக்குள் விடாமலே அவுட்) ஆகாமல், எறிதல் சரியில்லை என்று சும்மா பேஸுக்கும் போகாமல், ஹோம் ரன்னும் ஆகாமல் களத்துக்குள் விழுகிற பந்து ஹிட் ஆகுமா அவுட் ஆகுமா என்பது பிட்சர் கையில் பெரிதாக இல்லை என்றார். யார் எறிந்தாலும் அப்படிப்பட்ட பந்துகளில் ஏறக்குறைய 30 சதவீதம் ஹிட் ஆகிவிடுகிறது. ஒரு பிட்சருக்குப் போன வருஷம் அது 25 என்றால், அவர் பின்னால் நின்ற ஃபீல்டர்களுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் நன்றி சொல்லிவிட்டு 30-க்குப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுவார்கள். முதலில் பலர் சிரித்தார்கள், கொஞ்சம் திருத்தங்களோடு இன்று எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது கணிதம் அல்ல, யார் எத்தனை ஆட்டம் ஆடுவார் என்பது. இதற்கு சூத்திரம் போதாது. மனிதர்கள் உட்கார்ந்து, இந்த அணியில் இந்த இடத்துக்கு இவர் 70 சதவீதம், அவர் 30 சதவீதம் என்று பங்கு பிரிக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்திக் கணக்கு மாதிரி, அழைத்தவர் எல்லாரும் வருவதில்லை. மார்லின்ஸின் முதன்மை பிட்சர் சாண்டி அல்கான்டராவுக்கு 2023 அக்டோபரில் முழங்கை அறுவை சிகிச்சை, 2024 முழுக்க ஆட முடியாது என்று முன்கூட்டியே தெரியும், கழித்துவிடலாம். ஆனால் அதே அணியின் இளம் பிட்சர் யூரி பெரெஸுக்கும் 2024 ஏப்ரலில் அதே அறுவை சிகிச்சை நடக்கும் என்று யார் முன்கூட்டியே எழுதுவது?

கூட்டுவது சுலபம். யாரும் எளிதில் எடுத்துக்கொள்ளக்கூடிய உபரி வீரர்களை மட்டும் வைத்து ஆடினால் ஒரு அணி சுமார் 48 ஆட்டம் ஜெயிக்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதற்குமேல் ஒவ்வொருவரும் கொண்டுவரும் ரன்னைக் கூட்டி, சுமார் பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்று மாற்றினால் அணியின் பலம் கிடைத்துவிடும். பிறகு அட்டவணைப்படி மொத்த சீசனையும், 30 அணிகளின் 2430 ஆட்டங்களையும், கணினியில் ஆயிரக்கணக்கான தடவை ஆடவிடுவார்கள். எத்தனை தடவை பிளேஆஃபுக்குப் போனது என்பதுதான் பத்திரிகையில் வரும் சதவீதம்.

இனி எல்லோரும் சண்டை போடுகிற இடம். பட்டியல் ஏன் இப்படிச் சப்பென்று இருக்கிறது? கணிப்பில் முதல் அணிக்கே பல வருடங்களில் நூறு வெற்றி வராது. ஆனால் 2022-இல் நாலு அணிகள் நூறைத் தாண்டின, டாட்ஜர்ஸ் 111. விஷயம் என்னவென்றால், அந்த ஆயிரக்கணக்கான கணினி சீசன்களிலும் பெரும்பாலும் யாரோ ஒருவர் நூறைத் தாண்டத்தான் செய்கிறார், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். சராசரி எடுத்தால் எல்லோரும் அமுங்கிப்போகிறார்கள். ஒரு அணியின் பலம் பாதிக்குப் பாதி என்று கடவுளே வந்து சொன்னாலும், 162 தடவை பூவா தலையா போட்டால் ஆறு ஆறரை வெற்றி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வது சகஜம். மூன்று வருடத்தில் ஒரு வருடம் அதையும் தாண்டும். (ஐபிஎல்லில் லீக் சுற்று 14 ஆட்டம்தான். அதில் இதே கணக்குப் போட்டால் 7 ஜெயிக்க வேண்டிய அணி 5-இலும் நிற்கலாம், 9-இலும் நிற்கலாம். அங்கே நிபுணர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.)

இப்படி எல்லாம் சொன்னாலும் சில தவறிப்போன கணிப்புகளுக்கு அதிர்ஷ்டத்தை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது. 2015-இல் கேன்சஸ் சிட்டி ராயல்ஸுக்கு பெக்கோட்டா போட்டது 72 வெற்றி. அவர்கள் ஜெயித்தது 95, கூடவே உலகத் தொடர் கோப்பையும். 23 வெற்றி வித்தியாசத்தைப் பூவா தலையா தலையில் கட்டமுடியாது. அபாரமான ஃபீல்டிங், ஸ்ட்ரைக் அவுட் ஆகாமல் எப்படியாவது பந்தில் மட்டையை வைத்துவிடுகிற பேட்டர்கள், கடைசி இன்னிங்ஸ்களில் இறங்கிய அசாத்தியமான பிட்சர்கள் என்று கணக்கு சரியாகப் பிடிக்காத ஏதோ அந்த அணியில் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

2024-க்கு வருவோம். மார்லின்ஸ் 62 வெற்றி, 100 தோல்வி. மே மாதமே கையை விரித்துவிட்டு, முந்தைய வருஷம் .354 அடித்துப் பட்டம் வென்ற லூயிஸ் அராயெஸை பாட்ரேஸுக்கே கொடுத்துவிட்டார்கள். பாட்ரேஸ் 93 வெற்றி, 69 தோல்வி. ஆமாம், முந்தைய வருஷத்து ரன்களை வர்க்கம் செய்தபோது வந்த அதே 93. சோட்டோ போய், அராயெஸ் வந்து, பாதி அணி மாறிய பிறகு வந்த இந்த 93-ஐ தயவுசெய்து சூத்திரத்தின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திசை சரி, எண் பொருந்தியது பனம்பழம்.