வியட்நாம் போகிறீர்களா? முதலில் எந்த மாதம் என்று சொல்லுங்கள்

வியட்நாம் பயணத்துக்கு விசாரிக்க வரும் குடும்பங்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடு வருகின்றன. ஹாலாங் விரிகுடாவில் ஒரு இரவு படகு, பா நா மலையில் இரண்டு பெரிய கைகள் தாங்கி நிற்கும் தங்கப் பாலம், ஹோய் ஆன் விளக்குகள், சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்), முடிந்தால் ஃபூ குவோக் தீவு. எல்லாம் ஏழு நாளில். எந்த மாதம் என்று கேட்டால், "தீபாவளி லீவுல" என்று போகிற போக்கில் சொல்வார்கள். மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிற தகவல் அதுதான்.

வியட்நாம் வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 1,650 கி.மீ. நீண்டு கிடக்கிறது. மிகக் குறுகலான இடத்தில் அகலம் 50 கி.மீ. அளவுதான். ஹனோயில் ஸ்வெட்டர் தேவைப்படும் அதே ஜனவரி நாளில் சைகோனில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும். வடக்கு, நடுப்பகுதி, தெற்கு என்று மூன்றுக்கும் மழைக்காலம் வெவ்வேறு மாதங்களில் வருகிறது. ஆகவே மூன்றையும் ஒரே பயணத்தில், ஒரே மாதத்தில் நல்ல வானிலையில் பார்ப்பது ஆண்டின் பெரும்பகுதியில் நடக்காத காரியம். மார்ச், ஏப்ரலில் மட்டும் ஓரளவு கூடிவரும்.

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது நடுப்பகுதியில். ஹுவே, டா நாங், ஹோய் ஆன் மூன்றும் கிழக்குக் கடற்கரை ஊர்கள். ஐப்பசியில் அடைமழை என்றால் நமக்குச் சொல்லித் தர வேண்டாம். அந்தக் கரைக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரைக்குச் சற்றுப் பின்னாலேயே எழும்பி நிற்கும் மலைத்தொடரில் மோதுகிறது. செப்டம்பரில் தொடங்கும் மழை டிசம்பர் வரை நீள்கிறது. அக்டோபரும் நவம்பரும் உச்சம், புயலும் அதே மாதங்களில்தான் கரையேறும். மலையிலிருந்து கடல்வரை ஆறுகளின் தூரம் குறைவு என்பதால் வெள்ளம் மெதுவாக ஏறுவதில்லை, சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது. ஹோய் ஆன் பழைய நகரம் து போன் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில், தாழ்வான கரையில் இருக்கிறது. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அடுத்த வாரமே ஹுவேயும் ஹோய் ஆனும் வெள்ளத்தில் மூழ்கின, தெருக்களில் படகு ஓடியது. 2026-இல் தீபாவளி நவம்பர் 8. அந்த வாரத்துக்கு ஹோய் ஆனில் பணம் திரும்பாத விடுதியைப் பிடித்து வைப்பது, கார்த்திகையில் வேளச்சேரியில் தரைத்தளம் வாடகைக்கு எடுப்பது போன்றது.

இங்கே கைபேசியின் வானிலைச் செயலி உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். சைகோனுக்கு ஜூலையிலும் ஹுவேக்கு அக்டோபரிலும் ஒரே மேகப் படம், "மாதத்தில் 20 நாள் மழை" என்று காட்டும். சைகோனில் அதன் பொருள், பிற்பகலில் ஒன்று இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு மாலையில் வெறித்துவிடும் என்பது. காலைப் பயணத்தை வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது. ஹுவேயில் அதன் பொருள், மூன்று நான்கு நாள் விடாமல் பெய்யும் என்பது. நாட்களை எண்ணாதீர்கள், மாதத்தின் மொத்த மழை அளவைப் பாருங்கள்.

அதே நடுப்பகுதி, நம் பள்ளிக் கோடை விடுமுறைக்கு மிகச் சரியான இடம். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை அங்கே வறண்ட காலம். ஏப்ரலில் கடல் அமைதியாக இருக்கும். மே கடைசியிலிருந்து மலை தாண்டி மேற்கே லாவோஸ் பக்கமிருந்து சூடான காற்று இறங்கத் தொடங்கும். வெயில் 35-ஐத் தாண்டும் நாட்கள் வரும், நம்மவர்களுக்கு அது புதிதல்ல. டா நாங்கில் இரண்டு இரவு, ஹோய் ஆனில் மூன்று, ஹுவேயில் இரண்டு என்று வைத்தால் உள்நாட்டு விமானமே தேவையில்லை. டா நாங்கிலிருந்து ஹோய் ஆன் 30 கி.மீ., முக்கால் மணி நேரம். ஹுவேக்கு ரயிலில் போங்கள், சுமார் மூன்று மணி நேரம் ஆகும். வடக்கே போகும்போது வலப்புற இருக்கை கேட்டு வாங்குங்கள். ஹாய் வான் கணவாயில் தண்டவாளம் மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து ஏறும்போது கடல் அந்தப் பக்கம்தான். டா நாங் அருகேயுள்ள தங்கப் பாலம் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கீழே வெயிலடித்தாலும் மேலே மேகம் மூடியிருக்கலாம். அதற்கு நாளை முன்கூட்டியே குறிக்காமல், முந்தின நாள் மாலை மலையைப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

ஹோய் ஆனிலிருந்து 40 கி.மீ. தூரத்திலுள்ள மி சோனைப் பட்டியலில் கடைசியாகப் போடுகிறார்கள், அல்லது விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதை விடக்கூடாது. சம்பா அரசர்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டுவரை எழுப்பிய செங்கல் சிவன் கோயில்கள் அவை. 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. போர்க்காலக் குண்டுவீச்சில் பல சிதைந்தன. இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்புப் பணி செய்தபோது, 2020-இல், ஒற்றை மணற்கல்லில் செதுக்கிய ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. காலை ஆறு மணிக்கே விடுதியை விட்டுக் கிளம்புங்கள். ஒன்பதரைக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று நின்றுவிடும், பேருந்துக் கூட்டமும் வந்து சேரும்.

காலாண்டு விடுமுறைக்கும் தீபாவளிக்கும் வடக்கு. அக்டோபர், நவம்பரில் ஹனோயில் மழை குறைந்து, வெயில் தணிந்து, நடக்க ஏற்ற பருவம் வரும். மூ காங் சாய், சாபா மலைகளில் படிக்கட்டு வயல்கள் செப்டம்பரில் மஞ்சளாகும். மூ காங் சாயில் அக்டோபர் தொடக்கம்வரை அறுவடை நீளும். அதற்குப் பிறகு போனால் வெறும் தாள்தான் மிஞ்சும். படங்களில் பார்த்த வயலை நவம்பரில் தேடிப் போய் ஏமாறுகிறவர்கள் நிறைய. மே, ஜூனில் வயல்களில் நீர் பாய்ச்சிய காலமும் அழகுதான், ஆனால் அது வேறு படம்.

ஹாலாங் படகு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை வடக்கில் புயல் காலம். 2024 செப்டம்பர் 7 அன்று யாகி புயல் அந்தக் கரையில்தான் ஏறியது. 2025 ஜூலை 19 அன்று திடீர்ச் சூறைக்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரிய புயல் எதுவும் அப்போது கரையில் இல்லை, பிற்பகல் இடிமழைதான். காற்று பலமானால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அதை எதிர்த்து முகவரிடம் சண்டை போடாதீர்கள். நிறுத்தினால் முழுப் பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். படகு இரவைப் பயணத்தின் நடுவில் வையுங்கள், கடைசி இரவில் வேண்டாம். நடுவில் இருந்தால் ஹனோய்க்குத் தெற்கேயுள்ள நின் பின் ஊருக்கான நாளையும் அதையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். டிசம்பர் முதல் மார்ச்வரை ஹாலாங்கில் புயல் இல்லை, ஆனால் மூடுபனியும் தூறலும் பாறைகளை மறைத்துவிடும். ஹனோய் 12, 13 டிகிரிக்கு இறங்கும் நாட்கள் உண்டு, சாபாவில் இன்னும் குளிர்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறை, பொங்கல் என்றால் யோசிக்கவே வேண்டாம், தெற்கு. டிசம்பர் முதல் ஏப்ரல்வரை அங்கே வறண்ட காலம். சைகோனில் மூன்று இரவு, மீகாங் கழிமுகத்தில் ஒன்று, ஃபூ குவோக்கில் மூன்று. தீவின் மேற்குக் கடல் நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை கண்ணாடிபோல இருக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை அலை புரட்டி, குப்பையைக் கரையில் ஒதுக்கும். சைகோனின் மாரியம்மன் கோயில் நகரின் நடுவிலேயே இருக்கிறது, தமிழர்கள் கட்டியது. இன்று அங்கே விளக்கேற்றுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள்.

"இவ்வளவு தூரம் போய்விட்டு ஒரு பகுதியை மட்டும் பார்ப்பதா?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹனோயிலிருந்து டா நாங் விமானம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் அறையைக் காலி செய்வது, இரண்டு மணி நேரம் முன்னால் விமான நிலையம், தாமதம், இறங்கி அடுத்த விடுதிக்குப் போவது எல்லாம் சேர்த்தால் ஐந்தாறு மணி நேரம், அதாவது ஒரு பகல். மூன்று பகுதி என்றால் இப்படி இரண்டு பகல். ஹாலாங் போகவர சாலையில் ஆறு மணி நேரம். வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் அரைகுறை. ஏழு நாளில் மூன்றரை நாள்கூட மிஞ்சாது. ஏழெட்டு நாளுக்கு ஒரு பகுதி, பத்து நாளுக்கு மேல் இருந்தால் இரண்டு என்பதே எங்கள் பரிந்துரை. இரண்டு பகுதி என்றால் ஒரு ஊரில் இறங்கி வேறொரு ஊரிலிருந்து திரும்பும்படி பன்னாட்டுச் சீட்டு எடுங்கள், திரும்பி வரும் உள்நாட்டு விமானம் மிச்சம். மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோவுக்கு மேல் போனால் நிலையத்தில் கட்டும் தொகை சீட்டு விலையையே தொட்டுவிடும்.

ஒரு தேதியை மட்டும் எல்லாப் பகுதிக்கும் பார்த்துக்கொள்ளுங்கள், டெத் என்னும் சந்திரப் புத்தாண்டு. ஜனவரி பின்பாதியிலிருந்து பிப்ரவரி பின்பாதிக்குள் மாறி மாறி வரும். 2026-இல் பிப்ரவரி 17. அதையொட்டிய ஒரு வாரம் ரயிலும் விமானமும் நிரம்பி வழியும், குடும்பம் நடத்தும் சிறு உணவகங்கள் மூடிக்கிடக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வாரம் சிரமம். மற்ற நாட்களில் "சாய்" (chay) என்று பலகையில் எழுதியிருக்கும் கடைகளைத் தேடினால் போதும், அவை முழுச் சைவம். மற்ற கடைகளில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு விழும்.

பகுதி முடிவான பிறகே விசா. மின்விசா விண்ணப்பம் எந்த விமான நிலையத்தில் நுழைகிறீர்கள், எதில் வெளியேறுகிறீர்கள் என்று கேட்கும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50, அதிகபட்சம் 90 நாள். ஃபூ குவோக் தீவுக்கு மட்டும் போய்த் திரும்புகிறவர்களுக்கு 30 நாள்வரை விசா வேண்டாம், ஆனால் அங்கிருந்து சைகோனுக்குள் நுழைய வேண்டுமானால் விசா கட்டாயம். அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் மூன்று மடங்கு கட்டணம் வாங்கும் தளங்கள் தேடலில் முதலில் வரும். 2025 ஜூலை 1 முதல் 63 மாகாணங்களை 34 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஹோய் ஆனும் மி சோனும் இப்போது டா நாங் நகர எல்லைக்குள். பழைய முகவரியை நகலெடுத்துப் போட்டால் பட்டியலில் அந்த மாகாணமே இருக்காது, விடுதியிடம் புது முகவரி கேட்டு வாங்குங்கள்.

நம்மவர் விண்ணப்பங்கள் திரும்பி வர முக்கியக் காரணம் பெயர்தான். குடும்பப்பெயர் இல்லாமல், அப்பா பெயரை முன்னாலோ பின்னாலோ போட்டு வாங்கிய கடவுச்சீட்டுகள் நம்மிடம் ஏராளம். படப் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்துகளில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையில் விசாவிலும் விமானச் சீட்டிலும் இருக்க வேண்டும். நுழையும் தேதியையும் இருமுறை பாருங்கள். விசா 12-ஆம் தேதி தொடங்கி, விமானம் 11-ஆம் தேதி இரவு பதினொன்றே முக்காலுக்குத் தரையிறங்கினால், சென்னையிலேயே ஏறவிட மாட்டார்கள்.