பிரிவு மாறிய பிறகு வரும் கணக்கு

பெரிய நிறுவனம் ஒன்றின் மார்க்கெட்டிங் பயிற்சித் திட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு வருகிறவர்களிடம், "ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மாதம்?" என்பதைத்தான் முதலில் கேட்பேன். ஆறு மாதம் என்பார்கள் பெரும்பாலும். எட்டு, பன்னிரண்டு என்பதும் உண்டு. மொத்தத் திட்டம் ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்று ஆண்டு வரை நீளும். பிராண்டு நிர்வாகம், கடை கடையாகப் போய்ச் செய்யும் கள விற்பனை, நுகர்வோர் ஆய்வு, டிஜிட்டல் விளம்பரம் என்று சுற்றி வந்து, கடைசியில் ஏதேனும் ஒரு பொறுப்பில் அமர்வார்கள்.

இப்படிச் சுழற்சியில் வருகிறவர்களைப் பல ஆண்டுகளாக என் குழுவில் ஏற்று, வேலை கொடுத்து, மதிப்பீடும் எழுதி வருகிறேன். திறமைக்குக் குறைவில்லாதவர்கள். ஆனாலும் திட்டம் முடியும்போது பலரிடம் ஒரு குறை தங்கிவிடுகிறது. தாங்கள் செய்த வேலை கடைசியில் என்ன ஆனது என்பதை அவர்கள் பார்த்ததே இல்லை.

மார்க்கெட்டிங்கில் பலன் உடனே தெரிவதில்லை. வாரம் 1,000 பொதி விற்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். பொதிக்கு லாபம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணயம் எதுவானாலும் சரி. நான்கு வாரத்துக்கு விலையில் 10 குறைத்துச் சலுகை அறிவிக்கிறார்கள். விற்பனை வாரத்துக்கு 1,600 ஆக ஏறுகிறது. பயிற்சியில் இருப்பவர் "60 சதவீத வளர்ச்சி" என்று அறிக்கை தயாரிக்கிறார், பாராட்டு பெறுகிறார், அடுத்த பிரிவுக்குப் போய்விடுகிறார். அதன் பிறகு என்ன நடக்கிறது? மலிவாகக் கிடைத்தபோதே வாங்கி வைத்தவர்களிடம் இன்னும் இருப்பு இருக்கிறது. கடைக்காரர்களும் சலுகை விலையில் கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த நான்கு வாரமும் விற்பனை 600க்கு இறங்கிவிடுகிறது.

எட்டு வாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். சலுகைக் காலத்தில் 6,400 பொதிக்குத் தலா 10 வீதம் லாபம் 64,000. பிறகு 2,400 பொதிக்கு 20 வீதம் 48,000. ஆக 1,12,000. சலுகையே கொடுக்காமல் இருந்திருந்தால் 8,000 பொதிக்கு 1,60,000 வந்திருக்கும். விற்ற பொதிகள் 800 கூடியிருக்கின்றன. லாபத்தில் 48,000 போய்விட்டது. சலுகையால் புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறலாம். ஆனால் அது தெரியவும் பல மாதங்கள் ஆகும். அறிக்கை எழுதியவர் அப்போது வேறொரு மாடியில், வேறொரு வேலையில் இருப்பார். தன் சலுகைத் திட்டம் வெற்றி என்றே அவர் மனத்தில் பதிந்திருக்கும். பிற்காலத்தில் ஒரு பிராண்டு முழுவதும் அவர் கைக்கு வரும்போது அதே முடிவை இன்னும் பெரிய அளவில் எடுப்பார். என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது இதுதான்.

1931ஆம் ஆண்டு மே மாதம், பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் காமே சோப்பு விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். கூடுதல் ஆட்கள் வேண்டும் என்று கேட்பதற்காக எழுதிய குறிப்பு அது. இன்றைய பிராண்டு மேனேஜர் பதவிக்கு அதையே தொடக்கமாகச் சொல்கிறார்கள். எந்தப் பகுதியில் விற்பனை நன்றாக இருக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது என்று ஒருவர் ஆராய வேண்டும்; தளர்ந்த இடத்துக்கு நேரில் போய்க் கடைக்காரர்களையும் வாங்குகிறவர்களையும் கண்டு காரணம் அறிய வேண்டும்; பிராண்டின் பொறுப்பை அவர் முழுமையாக ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு பொருளை ஒருவர் தன்னுடையதாக ஏற்பதில்தான் இந்தத் தொழிலே பிறந்தது. சுழற்சித் திட்டமோ எதையும் தன்னுடையது என்று எண்ணுவதற்கு முன்பே ஆளை இடம் மாற்றிவிடுகிறது. அதற்காகத் திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பல பிரிவுகளின் வேலையை இவ்வளவு இளம் வயதில் உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு வேறு வழியில் கிடைப்பது அரிது. ஆனால் செய்த வேலைக்கும் அதன் முடிவைப் பார்ப்பதற்கும் நடுவே விழும் இடைவெளியை அடைக்கும் வேலையைப் பயிற்சியில் இருப்பவரே கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் இரண்டு வாரத்துக்குள் மேலாளரிடம் நேராகக் கேளுங்கள்: "நான் முடிவெடுத்து, நானே பதில் சொல்லக்கூடிய ஒரு வேலை எது?" சிறியதாக இருந்தாலும் போதும். கேட்காவிட்டால் ஸ்லைடு தயாரிப்பதிலும் மீட்டிங் குறிப்பு எழுதுவதிலுமே ஆறு மாதமும் போய்விடும். இதில் மேலாளர்களின் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பல நிறுவனங்களில் பயிற்சியில் இருப்பவரின் சம்பளம் மனிதவளத் துறையின் கணக்கிலிருந்து போகிறது; மேலாளருக்கு அது செலவாகவே தெரிவதில்லை. செலவில்லாமல் வந்து, ஆறு மாதத்தில் போய்விடப்போகும் ஆளுக்கு யாருக்கும் வேண்டாத வேலைதான் முதலில் போய்ச் சேரும்.

பிரிவை விட்டுக் கிளம்பும்போது இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போங்கள். என்ன செய்தேன், எந்தப் பலனை எதிர்பார்த்துச் செய்தேன், அந்தப் பலன் எந்த மாதம் எந்த எண்ணில் தெரியும் என்று தெளிவாக எழுதுங்கள். அந்தத் தேதியை நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள். நாள் வந்ததும் பழைய குழுவில் ஒருவரிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்கிப் போய் எண்ணைப் பாருங்கள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் தேடுங்கள். இதைச் செய்தவர்கள் மிகச் சிலரே. நிரந்தரப் பொறுப்புக்கான நேர்முகத்தில் அவர்களின் பேச்சே வேறாக இருக்கும். "நான் இதைச் செய்தேன்" என்பதோடு நிற்காமல், "இது இப்படி முடிந்தது, இந்தக் காரணத்தால்" என்பார்கள்.

கள விற்பனைப் பிரிவைத் தண்டனையாக நினைக்காதீர்கள். வெயிலில் அலைவது அலுப்புதான். ஆனால் தலைமை அலுவலகத்தில் எக்செல் தாளில் பார்த்த எண்ணுக்கு அங்கேதான் உயிர் வருகிறது. நூறு கடைகளில் நாற்பதில்தான் நம் பொருள் இருக்கிறது என்றால் மோசமாகத் தோன்றும். அந்த நாற்பதும் பெரிய கடைகளாக இருந்து, அந்த வகைப் பொருளின் மொத்த விற்பனையில் 75 சதவீதம் அவற்றில் நடக்கிறதென்றால் நிலைமை வேறு. விற்பனைப் பிரதிநிதியோடு ஒரு நாள் முழுவதும் நடந்தால் இன்னொன்றும் தெரியும். பெரும் செலவில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில் அந்தப் பொருள் இருக்க வேண்டிய அலமாரி காலியாகக் கிடக்கும். பக்கத்து வரிசைப் போட்டிப் பொருள் அந்த இடத்தை நிரப்பியிருக்கும். விளம்பரத்தில் கோளாறா, சரக்கு அனுப்புவதில் கோளாறா என்று பிரித்துப் பார்க்கும் கண் அந்த அலமாரியின் முன்னால் நிற்கும்போதுதான் திறக்கிறது.

கையெழுத்து போடுவதற்கு முன் கேட்க வேண்டியவையும் உண்டு. திட்டம் முடிந்ததும் நிரந்தர இடம் உறுதியா, இல்லை மற்றவர்களோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டுமா? அடுத்த பிரிவை முடிவு செய்வது யார்? இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? மதிப்பீட்டை எழுதுவது அந்தந்தப் பிரிவின் மேலாளரா, திட்டத்தை நடத்தும் மனிதவளத் துறையா? இவற்றுக்கான பதில்களை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே திட்டத்தை முடித்த ஒருவரிடம் பேசாமல் சேராதீர்கள்.

என்னைப் போலப் பயிற்சியில் இருப்பவர்களை ஏற்கும் மேலாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பயிற்சியில் இருப்பவர் உங்கள் குழுவை விட்டுப் போன அன்றே விற்பனைத் தரவுகளைப் பார்க்கும் அனுமதியையும் முடக்கிவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அவர் செய்த வேலை தொடர்பான எண்களையாவது அடுத்த ஓராண்டுக்குத் திறந்து வையுங்கள். விதிகள் இடம் தரவில்லை என்றால், முடிவு தெரிந்த மாதத்தில் நீங்களே அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.