களைத்துப்போன கவனம் மரங்களுக்கு நடுவே எப்படித் தேறுகிறது?

3, 7, 1, 9, 4 என்று ஒருவர் வாசிக்கிறார். கேட்பவர் அதைத் தலைகீழாக 4, 9, 1, 7, 3 என்று திருப்பிச் சொல்ல வேண்டும். எண்கள் கூடக்கூட இது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். எண்களை மனதில் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும், அதே நேரத்தில் இடம் மாற்றவும் வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் பெர்மன், ஜான் ஜோனைட்ஸ், ஸ்டீபன் கப்ளான் ஆகியோர் மாணவர்களுக்கு இந்தச் சோதனையை வைத்தார்கள். அப்புறம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்க அனுப்பினார்கள். சிலர் ஆன் ஆர்பர் நகரின் மரப் பூங்காவிலும், சிலர் வண்டிகள் ஓடும் கடைத்தெருவிலும் நடந்தார்கள். அடுத்த முறை இடத்தை மாற்றிக்கொண்டார்கள். பூங்காவில் நடந்து வந்தபோது மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்தது. கடைத்தெருவில் நடந்து வந்தபோது சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. 2008இல் இந்த ஆய்வு வெளியானது. இரண்டு பாதைகளுக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் கால்களுக்குக் கிடைத்த உடற்பயிற்சியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

ஸ்டீபன் கப்ளானும் அவருடைய மனைவி ரேச்சல் கப்ளானும் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். நமக்கு இரண்டு வகைக் கவனம் உண்டு. ஒன்று, நாமே வலிந்து செலுத்துவது: கணக்குப் பார்ப்பது, மின்னஞ்சல் எழுதுவது, நெரிசலில் வண்டி ஓட்டுவது. இதற்கு, குறுக்கே வரும் மற்ற எல்லாவற்றையும் மூளை அடக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அந்த அடக்கும் வேலைதான் களைப்பைத் தருகிறது. மாலையில் சின்ன விஷயத்துக்குக்கூட எரிந்து விழுகிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும் கவனம். இலைகள் அசைவதையும் தண்ணீரில் வெளிச்சம் நெளிவதையும் பார்க்க நாம் முயற்சி எதுவும் செய்வதில்லை. கண் அதில் தங்குகிறது, ஆனால் மனம் முழுவதையும் அது பிடித்துக்கொள்வதில்லை. அந்த இடைவெளியில்தான் முதல் வகைக் கவனம் ஓய்வெடுக்கிறது. கடைத்தெருவும் கண்ணை இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் ஹாரன் அடித்தால் ஒதுங்க வேண்டும், சிக்னல் பார்க்க வேண்டும், எதிரே வருபவர் மேல் மோதாமல் போக வேண்டும். அங்கே ஓய்வுக்கு இடமில்லை.

மிச்சிகன் ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். பருவநிலை எப்படியிருந்தாலும், நடை மனதுக்கு உற்சாகம் தந்ததா இல்லையா என்பது எப்படியிருந்தாலும், கவனத்துக்குக் கிடைத்த பலன் குறையவில்லை. 'எனக்கு இதெல்லாம் ரசிக்க வராது' என்று சொல்பவர்களுக்கும் இது பலன் தரும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கவனம் மட்டுமல்ல, பதற்றத்தின் மீதும் நடைக்குப் பிடி இருக்கிறது. பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், 63 பேரில் பாதிப் பேர் குரூனேவால்ட் காட்டிலும் மீதிப் பேர் பரபரப்பான ஒரு கடைவீதியிலும் ஒரு மணி நேரம் நடந்தார்கள். முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பயத்தையும் மன அழுத்தத்தையும் கையாளும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு காட்டில் நடந்தவர்களுக்குக் குறைந்தது. கடைவீதியில் நடந்தவர்களுக்கு அப்படியே இருந்தது, கூடவில்லை. நகரத்து நடை கெடுதல் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, காட்டுக்குள் கால் வைத்தாலே போதுமா? போதாது. பசுமையான இடத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கவனம் தேறவில்லை என்று 2019இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. மரம் எதிரே நின்றாலும் கண் திரையில் இருந்தால், வலிந்து செலுத்தும் கவனம் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. காதில் இயர்போன், கையில் போன் என்று பூங்காவைச் சுற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. வாய்ப்பு பக்கத்திலேயே இருந்தும் கை நழுவிப் போகிறது.

கலிஃபோர்னியாவில் விர்ஜினியா ஸ்டர்ம் என்ற ஆய்வாளர் முதியவர்களிடம் வாரம் ஒரு முறையாவது 15 நிமிடம் நடக்கச் சொன்னார், எட்டு வாரங்களுக்கு. ஒரு குழுவுக்கு அவ்வளவுதான் சொல்லப்பட்டது. இன்னொரு குழுவிடம், சுற்றியிருப்பதைப் புதுக் கண்ணால், வியப்போடு பார்க்கச் சொன்னார்கள். எல்லோரும் நடையின்போது செல்ஃபி எடுத்தார்கள். வியந்து நடந்தவர்களின் படங்களில் வாரங்கள் போகப்போக அவர்களுடைய உருவம் சிறிதாகி, பின்னணி பெரிதாகிக்கொண்டே வந்தது. சிரிப்பும் விரிந்தது. அன்றாட மனவேதனையும் அவர்களுக்குத்தான் கூடுதலாகக் குறைந்தது. இத்தனைக்கும் அதிக முறை நடந்தது மற்ற குழு.

செய்முறை எளிது. வழக்கத்தைவிட மெதுவாக நடக்கலாம். மரப்பட்டை, எறும்பு வரிசை, பறவையின் குரல் என ஏதாவது ஒன்றில் கொஞ்ச நேரம் தங்கலாம். மனம் அலுவலகத்துக்கு ஓடும், ஓடத்தான் செய்யும். கவனித்ததும் கூப்பிட்டுக்கொண்டால் போதும். அடர்ந்த காடு தேவையில்லை. ஏரிக்கரையோ பக்கத்துத் தோப்போ இருந்தால் தொடங்கலாம்.

எவ்வளவு நேரம்? இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் பதில்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்கள் நல்ல உடல்நலமும் மனநிறைவும் கொண்டிருப்பதாகக் கண்டது. இது கருத்துக்கணிப்பு என்பதால் காரணத்தை உறுதியாகச் சொல்லிவிட முடியாது. நலமாக இருப்பவர்கள் அதிகம் வெளியே போகிறார்கள் என்றும் இருக்கலாம். ஆனால் அந்த 120 நிமிடத்தை ஒரே நாளில் செலவிட்டாலும் பல நாட்களுக்குப் பிரித்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு கிடைப்பவர்கள் இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.