ஃபவேலா: குடிசையும் அன்று, முறைசாராததும் அன்று

ரியோ டி ஜெனிரோ பற்றிய ஓர் ஆவணப்படத்தைத் தமிழ்க் குரலில் பார்த்தேன். திரையில் செங்கல் வீடுகள் மூன்று, நான்கு மாடிகளாக மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறுகின்றன. அங்கே இத்தகைய குடியிருப்புக்கு ஃபவேலா என்று பெயர். குரலோ 'குடிசைப் பகுதி' என்கிறது. ஒரு கீற்றுக்கூடக் கண்ணில் படவில்லை. எத்தனையாவது முறை இது!

ஃபவேலா என்பது முதலில் முள்ளும் சுணையும் கொண்ட ஒரு செடியின் பெயர். பிரேசிலின் வடகிழக்கில் கனுடோஸ் அருகே அது மண்டிய குன்றுக்கும் அதே பெயர். 1897இல் கனுடோஸ் போர் முடிந்து ரியோ வந்த படைவீரர்கள் பிரோவிடென்சியா குன்றில் குடியேற, அதுவும் ஃபவேலாக் குன்று ஆயிற்று. பிறகு அதுவே இத்தகைய குடியிருப்புகளுக்கெல்லாம் பொதுப்பெயர்.

தமிழில் இதைக் குறிக்கச் 'சேரி'யும் வேண்டாம். சேர்ந்து வாழும் இடம் என்ற பழம்பொருள் அழகானது. ஆனால் இன்று அச்சொல் நம் சாதியின் எல்லைக்கோட்டைச் சுமக்கிறது.

'informal settlement' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் படித்தவர்கள் விரும்பும் 'முறைசாராக் குடியிருப்பு'தான் என்னை மிகவும் உறுத்துகிறது. அரசின் பதிவேட்டில் இல்லை என்று சொல்ல வந்த சொல், முறையே இல்லை என்று சொல்லிவிடுகிறது. ரியோவின் ரோசின்யா என்ற ஃபவேலாவைப் பாருங்கள். காவியா சாலை குன்றில் வளைந்து ஏறுகிறது. 'பெக்கோ' எனும் சந்துகளும் படிக்கட்டுகளும் அதிலிருந்து சரிவுக்கேற்பக் கிளைக்கின்றன. வீட்டின் கான்கிரீட் மேல்தளத்துக்கு 'லாஜெ' என்று பெயர். மகனுக்கு மணமானால் அதன்மேல் அவன் வீடு எழும். அல்லது அந்த மேல்தளத்தை மட்டும் பிறருக்கு விற்கலாம். கீழ்வீடு ஒருவருடையது, மேல்வீடு இன்னொருவருடையது. இந்த வழக்கத்தை 2017இல் பிரேசில் சட்டமே சொத்துரிமையாக ஏற்றது. சட்டம் பின்னால் வந்து ஏற்ற முறையை முறைசாரா என்று எப்படி எழுதுவது? நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்கள். அது குறிக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை.

அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனமும் நெடுங்காலம் 'இயல்புக்குக் கீழான திரள்' என்றே எழுதிவந்தது. 2024இல் அதைக் கைவிட்டு, ஃபவேலா என்ற மக்கள் சொல்லுக்குத் திரும்பியது. 2022 கணக்கெடுப்பின்படி பிரேசிலின் ஃபவேலாக்களில் வாழ்வோர் சுமார் 1.64 கோடி.

பிரேசிலைப் பற்றி எழுதும்போது ஃபவேலா என்றே எழுதுவோம். பொதுச்சொல் தேவையெனில் 'தன்னெழு குடியிருப்பு' என்பேன். தன்னெழுச்சி நமக்குப் பழகிய சொல். குடியிருப்பவர் தாமே கட்டியது என்பதும், மாடிமேல் மாடியாக எழுவது என்பதும் அதில் அடங்கும். கென்யத் தலைநகர் நைரோபியில் உள்ள கிபேரா என்ற குடியிருப்புக்கு மட்டும் இது பொருந்தாது: அங்கே பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டைக் கட்டியவர் வேறு. அதற்குத் தனிச்சொல் தேட வேண்டும்.