மேடையில் பூவின் நிறம் ஏன் மாறுகிறது?

கல்யாணத்துக்குப் பூ தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். விருந்தினர்கள் அதே பூக்களை மாலையில், மஞ்சள் விளக்கில், 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார்கள். வெளிச்சமும் தூரமும் மாறினால் நிறமும் மாறிவிடும். ஆகவே எந்த நிறம் அழகு என்று யோசிப்பதற்கு முன்பு, எந்த விளக்கில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதழில் உள்ள நிறமி, தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. விளக்கில் இல்லாத நிறத்தை எந்தப் பூவாலும் காட்ட முடியாது. ஒளி எவ்வளவு நீலம் அல்லது மஞ்சள் என்று சொல்லும் எண்ணுக்கு நிற வெப்பநிலை என்று பெயர். பகல் வெளிச்சத்துக்கு அது ஏறக்குறைய 5500 முதல் 6500 கெல்வின். குண்டு பல்புக்கு 2700, மெழுகுவர்த்திக்கு 1900 அளவுதான். எண் இறங்க இறங்க நீலம் குறையும். அதனால்தான் காலையில் கண்ணைப் பறித்த நீல ஹைட்ரேஞ்சியா, மஞ்சள் விளக்கின் கீழ் சாம்பல் பூத்துப்போகிறது. லாவண்டர் நிறமும் மங்கிவிடுகிறது. ஆரஞ்சு, பீச், சிவப்பு நிறங்கள் அங்கே இன்னும் எடுப்பாகத் தெரியும். நீலம் வேண்டும் என்று மணமக்கள் உறுதியாக இருந்தால், பூவை மாற்றுவதைவிட அந்த இடத்துக்கு மட்டும் 4000 கெல்வின் விளக்கு ஒன்றைத் திருப்பி வைப்பது நல்லது.

எல்.இ.டி. விளக்கில் வேறொரு சிக்கல் உண்டு. அதன் பெட்டியில் போட்டிருக்கும் சி.ஆர்.ஐ. எண், 8 மென்மையான நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கு ஆர்9 என்ற தனி எண் இருக்கிறது. சி.ஆர்.ஐ. 80 உள்ள சாதாரண விளக்கில் சிவப்பு ரோஜா பழுப்படித்துத் தெரிவது இதனால்தான். சி.ஆர்.ஐ. 90க்கு மேலும், ஆர்9 50க்கு மேலும் உள்ள விளக்கைக் கேட்டு வாங்குங்கள். வண்ண விளக்குகளைப் பின்திரைக்கு மட்டும் திருப்புங்கள். நீல விளக்கு விழுந்தால் சிவப்பு ரோஜாவும், சிவப்பு விளக்கு விழுந்தால் பச்சை இலையும் கறுத்துவிடும்.

திறந்தவெளியில் அந்தி நேரத்துக் கதை நேர்மாறு. வெளிச்சம் குறையும்போது கண்ணில் நிறம் காணும் கூம்பு செல்கள் ஓய்ந்து, மங்கல் ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. கண் மிகக் கூர்மையாக உணரும் அலைநீளம் 555 நானோமீட்டரிலிருந்து 507க்கு, அதாவது நீலப்பச்சைப் பக்கம், நகர்கிறது. 1819இல் செக் உடலியல் அறிஞர் பூர்கின்யே கவனித்த விளைவு இது. சிவப்புதான் முதலில் இருட்டில் மறையும். மெரூன் டாலியாக்கள் அந்தியில் பூவாகவே தெரியாது, அலங்காரத்தில் விழுந்த ஓட்டைபோல இருக்கும். வெள்ளையும் வெளிர்நீலமும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

தூரத்துக்கு வருவோம். நல்ல பார்வை உள்ளவருக்கே 10 மீட்டரில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். ஊதாவையும் மஞ்சளையும் பொடிப்பூக்களாகத் தூவினால் பின்வரிசைக்குக் கிடைப்பது ஒரு மங்கல் நிறம். 100 தண்டுகள் என்றால் 60 முதன்மை நிறம், 30 துணை நிறம், 10 எடுப்பு நிறம் என்பது பழகிய கணக்கு. அந்தப் பத்தை ஒவ்வொன்றாகப் பரப்பிவிடாமல் 3 அல்லது 5 பூக்களாகச் சேர்த்துச் செருகுங்கள். கட்டி முடித்ததும் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். எல்லாமே ஒரே சாம்பலாக விழுந்தால் நிறங்கள் வேறாக இருந்தும் வெளிர்வு, அடர்வு வித்தியாசம் இல்லை என்று பொருள். தூரத்தில் அது தட்டையாகத்தான் தெரியும்.

பக்கத்து நிறமும் ஏமாற்றும். பாரிஸின் கோபலின் சாயப்பட்டறையில் கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அருகில் நெய்த நிறங்களில்தான் என்று வேதியியலாளர் செவ்ருல் கண்டார். தம் ஆய்வை 1839இல் வெளியிட்டார். கல்யாண அலங்காரத்தில் இது அதிகம் கெடுப்பது வெள்ளையைத்தான். தூய வெள்ளைத் துணிக்கு முன் க்ரீம் ரோஜா வைத்தால் பழைய பூ மாதிரி அழுக்காகத் தெரியும். துணியின் ஒரு துண்டைக் கையில் கொண்டுபோய்ப் பூவோடு சேர்த்துப் பார்க்காமல் வெள்ளையை முடிவு செய்யவே கூடாது.

இன்னொன்று, பூவுக்குள்ளேயே நடக்கும் மாற்றம். வெள்ளை இதழில் வெள்ளை நிறமி என்று எதுவும் இல்லை. செல்களுக்கிடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. விரல் அழுந்திய இடத்தில் காற்று வெளியேறி இதழ் கண்ணாடிபோல் ஆகும். உடைந்த செல்களின் நொதிகள் அதைப் பழுப்பாக்கும். வெள்ளைப் பூவைக் காம்பில் மட்டுமே பிடியுங்கள். சிவப்பு ரோஜாவின் நிறமியான ஆந்தோசயனின் அமிலத்தில் சிவந்திருக்கும். வெட்டிய பூ சர்க்கரை தீர்ந்து புரதத்தைச் சிதைக்கத் தொடங்கும்போது அம்மோனியா உருவாகி, அமிலத்தன்மை குறைந்து, நிறம் நீலமோடுகிறது. இதைத் தள்ளிப்போட, 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சர்க்கரையும் கால் கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, அதன்பின் வாசனையில்லாத ப்ளீச் சில துளிகள் விடுங்கள். அமிலத்தையும் ப்ளீச்சையும் நேரடியாகச் சேர்த்தால் நச்சான குளோரின் வாயு வரும். காம்பை 2 செ.மீ. சாய்வாக வெட்டி, குளிர்ந்த இடத்தில் 4 மணி நேரமாவது இந்தக் கரைசலில் நிறுத்துங்கள். ரோஜாவுக்கு 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் ஏற்றது. ஆந்தூரியத்தை அதே பெட்டியில் வைத்தால் கறுத்துவிடும், அதற்கு 13 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது.

மொட்டைப் பார்த்து நிறம் முடிவு செய்வதும் தவறாகும். விரியும்போது இதழின் பரப்பு கூடுகிறது, நிறமி அதே அளவில் கூடுவதில்லை. பல இளஞ்சிவப்பு ரோஜாக்கள் வெளிறிப்போகும். அந்த வகையில் நன்றாக விரிந்த பூ ஒன்றைக் கேட்டு வாங்கி, மண்டபத்து விளக்கில், நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில், கடைசி வரிசையிலிருந்து பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள்.