நிறைவெண்: 3,35,50,336-ஐ முன்வைத்து

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள். அதே எண் திரும்பக் கிடைத்தால் அது நிறைவெண். 6-க்கு 1, 2, 3. 28-க்கு 1, 2, 4, 7, 14. அடுத்தவை 496, 8128. ஐந்தாவதுதான் தலைப்பில் உள்ள மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு.

பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இத்தகைய எண்ணை 'டெலெயோஸ்' என்றார். முடிவு, இலக்கு என்று பொருள்படும் 'டெலோஸ்' அதன் வேர். எட்ட வேண்டியதை எட்டியது என்று கொள்ளலாம். லத்தீனில் 'பெர்ஃபெக்டஸ்' ஆகி, ஆங்கிலத்தில் 'பெர்ஃபெக்ட்' ஆயிற்று. கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த கணித அறிஞர் நிக்கோமாக்கஸ் எண்களை மூன்றாகப் பிரித்தார்: கூட்டுத்தொகை எண்ணைவிடக் குறைந்தால் குறைவெண், கூடினால் மிகையெண், சரியாக நின்றால் நிறைவெண். மிகையெண்களை உறுப்புகள் அதிகமாகிப்போன விலங்குகளோடு ஒப்பிடும் அளவுக்கு அவருக்கு இதில் ஈடுபாடு!

தமிழில் 'செவ்விய எண்' என்றும் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எது நிரம்பியது என்ற குறிப்பு அதில் இல்லை. 'பெர்ஃபெக்ட் ஸ்கொயர்' தமிழில் 'முழு வர்க்கம்' ஆனதைப் பார்த்து 'முழு எண்' என்றால் 0, 1, 2, 3 என்று போகும் வரிசையோடு மோதும். 'நிறை எண்' என்றாலோ வேதியியலார் சண்டைக்கு வருவார்கள். புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கைகளின் கூடுதலுக்கு அவர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நிறைவு + எண் என்று புணர்ந்த நிறைவெண்ணே குழப்பமில்லாதது. குறைவெண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாலும் பொருந்துகிறது.

இனி நம் எண். 2ⁿ − 1 பகா எண்ணாக இருந்தால் அதை 2ⁿ⁻¹ ஆல் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என்பது யூக்ளிடின் விதி. 8128 வந்தது n = 7-இல். n பகு எண்ணானால் 2ⁿ − 1-உம் பகு எண்ணாகிவிடும் என்பதால், அடுத்த பகா எண்ணான 11-இல் வந்திருக்க வேண்டும்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89, பகு எண். ஆகவே 13-க்குத் தாவ வேண்டியதாயிற்று: 4096 × 8191. ஓர் இலக்கத்தில் ஒன்று, ஈரிலக்கத்தில் ஒன்று என்று நிறைவெண்கள் ஒழுங்காக வரும் என்ற பழைய நம்பிக்கையை இந்த எட்டிலக்க எண் உடைத்தது. கடைசி இலக்கம் 6, 8 என மாறிமாறி வரும் என்பதும் பொய்த்தது. ஐந்தாவதைப் போலவே ஆறாவதான 858,98,69,056-உம் 6-இல்தான் முடிகிறது.

வேறு வகைகளிலும் இதற்கு இடம் உண்டு. 1 முதல் 8191 வரை கூட்டினால் கிடைப்பதால் இது முக்கோண எண். 1³ + 3³ + 5³ என்று 127³ வரை கூட்டினாலும் இதே விடை. இரும எண்முறையில் பதின்மூன்று 1-களும் அவற்றைத் தொடர்ந்து பன்னிரண்டு 0-களும். தன்னையும் சேர்த்து 26 வகுத்திகள். அவற்றின் தலைகீழிகளைக் கூட்டினால் மிகச் சரியாக 2.

இரட்டைப்படை நிறைவெண்கள் அனைத்தும் யூக்ளிட் சொன்ன வடிவிலேயே இருக்கும் என்று 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவினார். ஒற்றைப்படையில் ஒன்றாவது உண்டா, இல்லவே இல்லையா என்பதை இதுவரை யாரும் நிறுவவில்லை.